பவழமல்லி உதிரும் செம்மண் பாதை

"இலையுதிர் காலம்" என்ற சொல்லை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். உடனே சிவப்பும் மஞ்சளுமான வர்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டு மேப்பிள் மரத்தின் இலை ஒன்றை வரைந்து காட்டிவிடுவார்கள். அந்த மரத்தை அவர்கள் பார்த்ததில்லை. அவர்களுடைய தகப்பனாரும் பாட்டனாரும் பார்த்ததில்லை. சித்திரம் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயரும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் பாடப் புத்தகத்தில் அந்த இலை அச்சாகியிருக்கிறது. ஆகையால் அது இலையுதிர் காலம். வீட்டு வாசலில் அன்று காலை பவழமல்லி உதிர்ந்து கிடந்திருக்கும். அதைக் குனிந்து பார்க்காமலே பள்ளிக்கு வந்து சேர்ந்திருப்பார்கள்.

பிள்ளைகள் பேரில் குற்றம் இல்லை. பார்ப்பதற்கும் ஒருவர் கற்றுக் கொடுக்க வேண்டும். எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியிருப்பதைப் போலவே, கண்ணால் காண்பதையும் கற்பிக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையை ஒரு மனிதர் முப்பது வருஷ காலம் ஓர் ஊரில் இருந்துகொண்டு செய்தார். ஊர், வங்காளத்தில் வீர்பூம் ஜில்லாவிலுள்ள சாந்திநிகேதனம். மனிதர், சித்திராசாரியர் நந்தலால் போஸ். அவர் நடந்த பாதைகளை அவர் விரும்பிய ருதுவிலேயே பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை எனக்கு. ஒரு புரட்டாசி மாதத்தில் அது நிறைவேறிற்று.

இரண்டு புரட்டாசிகள்

ஆவணியும் புரட்டாசியும் நமக்குக் கார்காலம். மேகம் கூடத் தொடங்கும் காலம் அது. ஐப்பசியில்தான் நமக்கு உண்மையான அடைமழை. வங்காளிகளுக்கோ ஆனியிலிருந்தே மழை கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதே ஆவணி, புரட்டாசி மாதங்களை, பாத்ரம், ஆசுவினம் என்று பெயர் சொல்லி, அவர்கள் சரத் காலம் என்று கொண்டாடுகிறார்கள். நாம் வானத்தைப் பார்த்து எப்போது மழை வரும் என்று காத்திருக்கும் நாட்களில், அவர்கள் மழை விட்ட வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்!

ஆகவே அங்கே சரத் காலம் என்பது இலை உதிரும் காலமே அல்ல. அது வெளிச்சத்தின் காலம். மூன்று மாத மழை காற்றிலுள்ள புழுதியை எல்லாம் கழுவிவிடுகிறது. வானம் அலசிக் காயப்போட்ட நீலப் புடைவை போல் இருக்கிறது. அதன் கீழே கழனியில் நெற்பயிர் பசேலென்று நிற்கிறது. கறுத்த மேகங்கள் போய், பஞ்சுப் பொதி போன்ற வெள்ளை மேகங்கள் வேலையில்லாமல் உலாவுகின்றன. நம் நவராத்திரிக்கு சாரதா நவராத்திரி என்று பெயர் வந்தது இந்த சரத் ருதுவினால்தான் என்பதை, பெயரைத் தினமும் சொல்லுகிறவர்கள்கூட நினைப்பதில்லை. வங்காளத்தில் மறக்க வழியில்லை. வெளியே வந்து நின்றால் போதும்.

ஹௌராவிலிருந்து போல்பூர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இரண்டரை மணி அல்லது மூன்று மணி நேரத்துப் பிரயாணம். ரயில் புறப்பட்டுச் சிறிது தூரம் போனதுமே இருபுறமும் காசப் புல் தென்படத் தொடங்குகிறது. நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் நாம் சொல்லுகிறோமே, அந்த இனம்தான். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, நுனியில் வெள்ளிச் சாமரம் போல் பூத்து, காற்று அடித்த பக்கமெல்லாம் சாய்ந்து நிமிர்கிறது. வங்காளிக்கு இந்தப் பூவைக் கண்டால் துர்க்கா பூஜை வந்துவிட்டது என்று அர்த்தம்.

பர்த்வான் ஜில்லாவில் இந்தப் பாதையின் ஓரத்தில் பால்ஸித் என்று ஓர் ஊர் இருக்கிறது. சத்யஜித் ராய் தமது "பதேர் பாஞ்சாலி" படத்துக்காக 1952 அக்டோபரில் முதன்முதலாகக் காமிராவைக் கொண்டு வந்து வைத்தது இங்கேதான். அக்காளும் தம்பியும் காசப் புல்லின் நடுவே ஓடி ரயிலைப் பார்க்கும் காட்சியில் ஒரு பகுதியை எடுத்தார்கள். மறு வாரம் மீதியை எடுக்க வந்து பார்த்தால் பூக்களைக் காணவில்லை; ஊர் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! அடுத்த வருஷத்துச் சரத் காலம் வரையில் ராய் காத்திருந்து, பிறகு அதே காட்சியை முடித்தார். ருது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கலைஞன்தான் ருதுவுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தை அவர் எங்கே படித்தார் என்று கேட்டால், சாந்திநிகேதனத்தில் என்று சொல்லலாம். 1940 முதல் 1942 வரை அவர் அங்கே கலாபவனத்தில் நந்தலாலின் மாணவராக இருந்தவர்.

மாஸ்டர் மோஷாய்

போல்பூரில் இறங்கியதும் பாட்டரி வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "டோட்டோ" என்பது அந்த வண்டிக்குப் பெயர். கடைத்தெருவைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. செம்மண் என்றால் நம் புதுக்கோட்டைச் சீமையில் இல்லாத செம்மண்ணா என்று நினைத்திருந்தேன். இங்கே அது மழையில் நனைந்து, பச்சைப் புல்லுக்கும் நீல வானத்துக்கும் நடுவில் கிடக்கும்போது குங்குமத்தை வாரி இறைத்தாற்போல் இருக்கிறது.

1863-இல் மகரிஷி தேவேந்திரநாத தாகூர் இந்த இடத்தில் இருபது பிகா நிலம் எடுத்தபோது இங்கே இரண்டு சாத்திம் மரங்கள்தான் சொல்லிக்கொள்ளும்படி இருந்தனவாம். சாத்திம் என்பது நம் ஏழிலைப்பாலை. ஒவ்வொரு கணுவிலும் ஏழு இலைகள் குடைபோல் விரிந்திருப்பதால் சப்தபர்ணி என்றும் பெயர். மகரிஷி தியானம் செய்த இடம் இன்றைக்கும் சாத்திம்தலா என்றே வழங்குகிறது. அவருடைய புதல்வர் ரவீந்திரநாதர் 1901-இல் ஐந்து பிள்ளைகளோடு இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார், 1919-இல் கலாபவனம் பிறந்தது, 1921-இல் விசுவபாரதி. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி, அதாவது ஒரு சரத் காலத்து நாளில், சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு வழிகாட்ட வந்தவர் கலாபவனத்து மாணவி ஒருவர். நான் தமிழ்நாட்டில் ஒரு பள்ளி உபாத்தியாயர் என்று அறிந்ததும், "அப்படியானால் உங்களை மாஸ்டர் மோஷாய் என்று கூப்பிடலாமே!" என்றார். வாத்தியார் ஐயா என்று அதற்குப் பொருள். வங்காளத்தில் எல்லா ஊரிலும் எல்லா உபாத்தியாயரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இந்த ஓர் ஊரில் மட்டும் அந்தச் சொல் ஒருவருக்கே பட்டப் பெயராக ஆகிவிட்டது. நந்தலால் போஸ் காலமாகி அறுபது வருஷம் ஆகியும், மாஸ்டர் மோஷாய் என்று பெயரில்லாமல் சொன்னால் அவரைத்தான் குறிக்கும். எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

1882-இல் பீஹாரைச் சேர்ந்த கரக்பூரில் பிறந்த நந்தலால், கல்கத்தாவில் அவனீந்திரநாத தாகூரின் சீடர். இளமையில் அஜந்தாவுக்குச் சென்று அந்தச் சுவர்ச் சித்திரங்களைப் பிரதி செய்தவர். 1922-இல் கலாபவனத்தின் தலைவரானார், 1951-இல் ஓய்வு பெற்றார், 1966-இல் காலமானார். சித்திரம் கற்க வந்தவர்களை வெள்ளைக்காரர்களின் சுண்ணச் சிலைகளுக்கு முன் உட்கார வைத்துப் பிரதி எடுக்கச் சொல்லும் வழக்கம் அந்நாளில் அரசாங்கக் கலாசாலைகளில் இருந்தது. நந்தலால் அந்தச் சிலைகளை வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளை வெளியே நடக்கச் சொன்னார். தாமும் கூட நடந்தார்.

காலை நடை

விடிந்தும் விடியாத நேரத்தில் புறப்பட வேண்டும் என்று மாணவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காரணம் வழியில் விளங்கிற்று. ஷியுலி, அதாவது நம் பவழமல்லி, இரவில் பூத்து விடியற்காலையில் உதிர்ந்துவிடும் பூ. வெயில் ஏறினால் வதங்கிப் போகும். செம்மண் பாதையின் மேல் வெள்ளை இதழ்களும் பவழ நிறக் காம்புகளுமாக அது சிதறிக் கிடந்த அழகை என்னவென்று சொல்வது? கீழே விழுந்த பூவை ஸ்வாமிக்குச் சாற்றுவது வழக்கமில்லை. இந்த ஒரு பூவுக்கு மட்டும் அந்த விதி கிடையாது. சிறுமிகள் சிலர் பாவாடை மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பூஜைக்கு மட்டுமல்ல. அந்தக் காம்புகளை உலர்த்திக் கொதிக்க வைத்தால் காவி கலந்த மஞ்சள் சாயம் இறங்கும், துணிக்கு ஏற்றுவார்கள். உதிர்ந்த பூவிலும் ஒரு வர்ணம் மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் யாரோ, அவர்களும் சித்திரக்காரர்கள்தாம்.

சால மரங்கள் வரிசையாக நிற்கும் வீதியைக் கடந்து, மாந்தோப்பைக் கடந்து, ஊருக்கு வெளியே கோயாய் என்னும் பிரதேசத்துக்கு வந்தோம். செம்பாறை மண்ணை மழை நீர் காலம் காலமாக அரித்து அரித்து, சிறு சிறு மலைகளும் பள்ளத்தாக்குகளும் போல் ஆக்கியிருக்கிறது. குழந்தைகள் விளையாட்டாகக் கட்டிய மலைத் தொடர் மாதிரி இருக்கிறது. அப்பால் கோபாய் நதி. பெரிய நதி அல்ல. கோடையில் முழங்கால் நனையக் கடந்துவிடலாம். சரத் காலத்தில் இரு கரையும் காசப் பூ.

நந்தலாலின் சட்டைப் பையில் எப்போதும் சிறு அட்டைகள் இருக்குமாம். நடக்கும்போது எதைக் கண்டாலும், ஒரு நத்தையானாலும், ஓர் ஆட்டுக்குட்டியானாலும், ஸந்தால் பெண் தலையில் குடத்தைத் தாங்கி நடக்கும் நடையானாலும், நின்று நாலு கோட்டில் குறித்துக்கொள்வார். அப்படி அவர் எழுதிய தபால் கார்டு அளவுச் சித்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மாணவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பல, இந்தச் சித்திரக் கார்டுகளே.

மரம் எழுதுவது பற்றி அவர் சொல்லிக் கொடுத்ததை சத்யஜித் ராய் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். மரத்தை மேலிருந்து கீழாக எழுதாதே என்பாராம் ஆசிரியர். மரம் மேலிருந்து கீழே வளர்வதில்லை அல்லவா? வேரில் தொடங்கி மேலே போகிறது. தூரிகையும் அந்த வழியே போகட்டும் என்பாராம். கேட்பதற்கு எளிய வார்த்தை. ஆனால் யோசித்துப் பார்த்தால், மரத்தின் உருவத்தைப் பிரதி எடுப்பது வேறு, மரம் வளர்ந்த விதத்தைக் கைக்குப் பழக்குவது வேறு என்பது புலப்படும். முன்னது கண்ணாடி செய்யும் வேலை. பின்னது மனிதன் செய்யும் வேலை.

இந்தக் கோயாய்க் கரையில் நின்றுகொண்டு நானும் ஒரு காசப் புல்லைக் கீழிருந்து மேலாகக் கண்ணால் வருடிப் பார்த்தேன். தூரில் செந்நிறம், பிறகு பச்சை, பிறகு வைக்கோல் நிறம், நுனியில் வெள்ளை. வெள்ளை என்று சொல்லிவிட்டேன். வெயில் பின்னால் வந்தபோது அது வெள்ளி. மேகம் மறைத்தபோது சாம்பல். கொஞ்ச நேரம் கழித்து இளஞ்சிவப்பு. ஒரு புல்லுக்குள் இத்தனை இருந்தது எனக்கு நாற்பது வயதுக்கு மேல் தெரிய வந்தது.

மண்ணிலிருந்து வர்ணம்

கண்ட வர்ணத்தைக் காகிதத்துக்குக் கொண்டு வருவது எப்படி? சீமை வர்ணக் குழாய்கள் கல்கத்தாவில் கிடைத்தன, விலை அதிகம். நந்தலாலுக்கு விலை மட்டும் காரணமல்ல. காவிக் கல், மஞ்சள் மண், சுண்ணாம்பு வெள்ளை, விளக்குக் கரி, அவுரி நீலம் ஆகியவை நம் காலடியிலேயே இருக்கும்போது கடல் கடந்து வர்ணம் வாங்குவானேன் என்பது அவருடைய கேள்வி. மண்ணைக் கரைத்து, வடிகட்டி, தெளிய வைத்து, அரைத்துப் பிசின் சேர்த்துப் பயன்படுத்துவதை மாணவர்களுக்குப் பாடமாகவே வைத்தார். எந்த மண்ணின் மேல் நடந்தார்களோ அந்த மண்ணே சித்திரத்தில் ஏறிற்று.

இதன் பலனைத் தேசம் முழுவதும் ஒரு முறை கண்டது. 1938 பிப்ரவரியில் குஜராத்தில் ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. சுபாஷ் சந்திர போஸ் தலைவர். மூங்கிலாலும் கூரையாலும் எழுந்த அந்த நகரத்தை அலங்கரிக்கும் பொறுப்பை மகாத்மா காந்தி நந்தலாலிடம் ஒப்படைத்தார். சித்திரசாலைக்கு ஒருநாளும் போகாத குடியானவர்கள் நடந்து போகிற போக்கில் பார்க்கும்படியாகச் சித்திரங்கள் இருக்க வேண்டும். நந்தலாலும் மாணவர்களும் சுமார் 400 சித்திரங்கள் தயாரித்தார்கள். அவற்றில் எண்பதுக்கு மேல் அவர் கைப்பட எழுதியவை. தம்பட்டக்காரன், தச்சன், தையற்காரன், பயில்வான், மாவு அரைக்கும் பெண்! கைக் காகிதத்தில் மண் வர்ணங்கள். நாலு கோட்டில் ஓர் ஆள். வந்த குடியானவர்கள் தங்களையே வழி நெடுகக் கண்டார்கள். நாட்டின் அரசியல் சாசனத்தின் மூலப் பிரதிக்குச் சித்திரம் தீட்டும் பணி பிற்பாடு அவருக்கும் அவர் மாணவர்களுக்கும் வந்தது என்றால், அதற்கு விதை கோயாய்ச் செம்மண்ணில் விழுந்தது என்றே சொல்ல வேண்டும்.

கை வேலையும் கலைதான்

நடையில் கண்டது சித்திரத்தோடு நின்றுவிடக் கூடாது. வீட்டுக்குள்ளும் வர வேண்டும் என்பது சாந்திநிகேதனத்தின் கொள்கை. கலை என்று ஒரு மாடி, கைத்தொழில் என்று ஒரு திண்ணை. இப்படிப் பிரித்து உட்கார வைப்பதை அங்கே ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் ஆலிபனாவைச் சொல்ல வேண்டும். பச்சரிசியை ஊற வைத்து அரைத்த மாவில் துணியைத் தோய்த்து, விரல் வழியே ஒழுக விட்டுப் போடும் கோலம் அது. நம் மாக்கோலத்துக்கு உடன்பிறந்தாள். வங்காளத்துப் பெண்கள் விரத நாட்களில் போட்டு வந்ததை அவனீந்திரநாதர் 1919-இல் வெளிவந்த "பாங்லார் பிரதம்" என்னும் நூலில் ஆராய்ந்து எழுதினார். கலாபவனத்தில் அதைக் கற்றுக் கொடுக்க ஒரு பெரிய பட்டதாரியைத் தேடவில்லை. வீட்டில் பழகிய கையையுடைய சுகுமாரி தேவி என்ற அம்மாள் வந்து கற்பித்தார். நந்தலாலும் அவருடைய புதல்விகள் கௌரி, யமுனா இருவரும் அந்தக் கோலத்துக்குள் காலை நடையில் கண்ட பூவையும் கொடியையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். துர்க்கா பூஜைக்குப் பின் வரும் பௌர்ணமியில் லக்ஷ்மி பூஜை. அன்று ஒவ்வொரு வீட்டிலும் வாசலிலிருந்து நெற்குதிர் வரையில் லக்ஷ்மியின் சிறு பாதங்களை மாவினால் இட்டு வைக்கிறார்கள். கோகுலாஷ்டமியன்று கண்ணன் பாதம் போடும் நம் வீட்டுப் பெண்கள் இதைக் கண்டால், "அட, நம்ம வீடு!" என்று உள்ளே போய்விடுவார்கள்.

இரண்டாவது, சோலா வேலை. சதுப்பு நிலத்திலும் குளத்தங்கரையிலும் மழைக்காலத்தில் தானாக வளரும் நெட்டிச் செடியின் தண்டை உலர்த்தித் தோலைச் சீவினால், உள்ளே பால் போன்ற வெண்மை. கூரிய கத்தியால் அதைக் காகிதம் போலச் சுருளச் சீவி, மாலையும் பூவும் தேவியின் கிரீடமும் செய்கிறார்கள். பூஜை நெருங்க நெருங்கக் கிராமங்களில் மாலாகார் குடும்பங்களுக்குத் தூக்கம் கிடையாது. இதே செடியின் தண்டில்தான் நம் தஞ்சாவூர்க்காரர்கள் பெரிய கோயிலையும் பிற கோயில்களையும் சிறு உருவில் செதுக்குகிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒரே செடி; அங்கே தேவியின் தலையில் ஏறுகிறது, இங்கே கோபுரமாக எழும்புகிறது.

இன்னும் உண்டு. 1927-இல் ரவீந்திரநாதர் ஜாவாவுக்குச் சென்று வந்த பிறகு மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாடிக் வேலை இங்கே வேரூன்றிற்று. 1922-இல் தொடங்கிய பக்கத்து ஸ்ரீநிகேதனத்தில் நெசவும், தோல் வேலையும், மண்பாண்டமும் நடந்தன. பழைய புடைவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட காந்தாத் துணிகளில் சரத் காலத்துத் தாமரையும் மீனும் நூலால் நீந்துகின்றன. பனையோலையில் குச்சி செருகித் துள்ள வைக்கும் சிப்பாய்ப் பொம்மையை ஒரு கிழவர் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு வாங்கினேன். ஒன்று பிள்ளைகளுக்கு, மற்றொன்று யாருக்கு என்று கேட்காதீர்கள்!

மகாளய அமாவாசையன்று, பூஜை விடுமுறைக்கு முன்பாக, பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த பொம்மைகளையும் பலகாரங்களையும் வைத்து "ஆனந்த பஜார்" என்று ஒரு சந்தை கூட்டுகிறார்கள். வரும் பணம் ஏழைகளுக்கான நிதிக்குப் போகிறது. எட்டு வயதுப் பிள்ளை தான் செய்த களிமண் ஆந்தைக்கு விலை சொல்லிப் பேரம் பேசுகிற அழகைப் பார்த்தால், தொழிற்கல்வியைப் பற்றி நாம் எழுதும் நீண்ட அறிக்கைகள் ஞாபகத்துக்கு வராமல் போகா.

நமக்கும் இந்தப் பரம்பரையில் பங்கு உண்டு. கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, அதனால் அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அடைபட்டுப் போன ஓர் இளைஞர் 1944-இல் இங்கே வந்து சேர்ந்தார். அவர்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற கே. ஜி. சுப்பிரமணியன். பெரிய சுவர்ச் சித்திரங்களை எழுதிய அதே கையால் மரத்திலும் மணியிலும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மைகள் செய்தார். இரண்டும் ஒரே வேலை என்று அவருக்குத் தோன்றிற்று. மாஸ்டர் மோஷாயின் மாணவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

கண் போன பிறகும்

இந்தக் கல்வி எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே சாட்சியாகச் சொல்லலாம். வினோத் பிஹாரி முகர்ஜி 1904-இல் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதிலும் மிகக் குறைவு. அப்படிப்பட்ட பையனைச் சித்திரம் கற்கச் சேர்த்துக்கொள்ளலாமா என்று வேறு எந்த ஸ்தாபனத்திலும் யோசித்திருப்பார்கள். இங்கே சேர்த்துக்கொண்டார்கள். கோயாய்ச் செம்மண்ணையும், தனித்து நிற்கும் பனைமரத்தையும், வெயில் காய்ந்த வெளியையும் அவரைப் போல் எழுதியவர் இல்லை. 1940-இல் கலாபவனத்து விடுதியின் மேல்தளத்தில் வீர்பூம் கிராமம் முழுவதையும் எழுதினார். அண்ணாந்து பார்த்தால், குளத்தைச் சுற்றி மரங்களும் மாடுகளும் மனிதர்களும் நம்மைச் சுற்றி வருகிறார்கள். 1947-க்குள் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் கபீர் முதலான பக்தர்களின் நீண்ட ஊர்வலத்தை எழுதி முடித்தார்.

1956-57 வாக்கில் கண் சிகிச்சை ஒன்று பலிக்காமல் போய், இருந்த சொற்பப் பார்வையும் அடியோடு போய்விட்டது. சித்திரக்காரருக்கு இதைவிடப் பெரிய இடி ஏது? ஆனால் வினோத் பிஹாரி வேலையை நிறுத்தவில்லை. வர்ணக் காகிதங்களை விரலால் தடவி, மடித்து, கத்தரித்து, ஒட்டிச் சித்திரங்கள் செய்தார். மெழுகில் சிறு உருவங்கள் பிடித்தார். 1972-இல் கலாபவனத்துச் சுவர் ஒன்றில் ஓடுகளால் ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். கண்ணில்லாமல் அமைத்தது என்று சொன்னால்தான் தெரியும். பழைய மாணவர் சத்யஜித் ராய் அதே வருஷத்தில் அவரைப் பற்றி "அகக்கண்" என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார்.

அந்த ஓட்டுச் சித்திரத்துக்கு முன் வெகு நேரம் நின்றேன். பார்வை இருந்த நாட்களில் நடந்து நடந்து சேர்த்து வைத்ததெல்லாம் விரல் நுனிக்கு இறங்கியிருந்தது. கத்தரிக்கோலும் ஓடும் வைத்துச் செய்யும் கை வேலையைக் குறைவாக எண்ணாத ஊரில் வளர்ந்ததனால், தூரிகை கைவிட்ட நாளில் அவருக்கு வேறு வழி திறந்திருந்தது. கண் நிரம்பப் பார்த்தவனுக்குக் கண் போனாலும் எல்லாம் போய்விடுவதில்லை. இரண்டு கண்ணும் சரியாயிருந்து ஒன்றையும் பாராமல் இருப்பவர்களின் கதி என்ன என்று யோசித்தபோதுதான் கவலை உண்டாயிற்று.

மிச்சம் இருப்பது

கவலைக்கு வேறு காரணமும் உண்டு. கோயாய் சுருங்கிவருகிறது. மண் அரிப்பைத் தடுக்க நட்ட சோனாஜுரி மரங்கள் பெரிய காடாகி நிழல் தருகின்றன, நல்லதுதான். ஆனால் அதைச் சுற்றி விடுதிகளும் விடுமுறை வீடுகளும் எழும்பி, வெட்டவெளி இருந்த இடத்தில் மதில்கள் வந்துவிட்டன. அக்கம்பக்கத்துக் கிராமத்தார் தங்கள் கைவேலைகளை விற்பதற்கு வாரம் ஒருநாள் கூடிய சனிக்கிழமைச் சந்தை இப்போது மற்ற நாட்களிலும் கூடுகிறது. கார்களின் வரிசையைப் பார்த்தால் திருவிழா போல் இருக்கிறது. கிராமத்தாருக்கு நாலு காசு வருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் காசப் புல்லுக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சதுப்பு நிலங்களைத் தூர்த்துவிட்டால் நெட்டிச் செடி எங்கே முளைக்கும்? செடி போனால் மாலாகாரின் கத்தி எதைச் சீவும்? ருதுவோடு பிறந்த கைத்தொழில் ருதுவின் மண்ணோடுதான் வாழ முடியும்.

வங்காளத்தின் மண்ணை வங்காளிகள் பார்த்துக்கொள்வார்கள். நம்மால் ஆகக் கூடியது என்ன என்றுதான் எனக்கு யோசனை ஓடிற்று. பாட அட்டவணையில் வாரத்துக்கு ஒரு மணி சித்திர வகுப்பு இருக்கிறது. பரீக்ஷை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்த ஒரு மணியாவது கதவுக்கு வெளியே நடக்கட்டும். ரவீந்திரநாதர் குழந்தைகளுக்காக எழுதிய "ஸஹஜ் பாட்" என்ற எழுத்துப் புத்தகத்துக்கு நந்தலால் 1930-இல் சித்திரங்கள் செதுக்கிக் கொடுத்தார். வெறும் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள். ஆனால் அதில் வரும் மரம் வங்காளத்து மரம், வரும் மழை வங்காளத்து மழை. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் எழுத்தறிந்த வங்காளிகள் அதைச் சொல்லிக் கண் கலங்குகிறார்கள். எழுத்தும் ஊரும் அவர்களுக்கு ஒன்றாகவே மனத்தில் பதிந்திருக்கின்றன.

நம் புரட்டாசியிலும் பார்ப்பதற்குப் பஞ்சமில்லை. முதல் மழைக்குப் பிறகு கொல்லையில் பட்டுப்பூச்சி போன்ற சிவப்புத் தம்பலப்பூச்சி ஊர்கிறது. வேலியில் சங்குப்பூ நீலமாய்ப் பூக்கிறது. மேற்கே அந்தி வானம் ஒருநாள் தாழம்பூ நிறம், மறுநாள் பூவரசம்பூ நிறம். நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். மதுரைப் பக்கத்து விளாச்சேரியிலும், பண்ருட்டியிலும் களிமண்ணைப் பிசைந்து பொம்மை செய்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. கொலுப் படியின் கீழ்ப் படியில் ஓர் இடம் காலியாக விட்டு, "இது நீ செய்ய வேண்டிய பொம்மைக்கு" என்று குழந்தையிடம் ஒரு பிடி களிமண்ணைக் கொடுத்தால் என்ன? பூங்கா அமைக்கிறேன் என்று பிளாஸ்டிக் செடியை நடுவதற்குப் பதிலாக, கேழ்வரகும் கடுகும் விதைத்து முளைக்க வைப்பது நம் பாட்டிமார் அறிந்த வித்தைதானே?

வருகிற புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பி, ஊர் எல்லை வரையில் நடத்திக்கொண்டு போய்வாருங்கள். பென்சிலும் காகிதமும் கொண்டுபோக வேண்டாம். திரும்பி வந்த பிறகு, கண்டதில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். மரமாக இருந்தால், வேரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கோடு கோணலாயிருந்தாலும் பரவாயில்லை. அது அவர்கள் ஊர் மரமாக இருக்கும்.